கதவடியில் ஒரு துளை

வெளியே கணுக்கால் புதையும் அளவுக்குப் பனி கிடந்தது. ஆனால் கதவடித் துளை வழியாக உள்ளே வந்த காற்று வெதுவெதுப்பாக இருந்தது.

கெத்தூராள் அதை முதலில் இடது காலில் உணர்ந்தாள். கம்பளிக் காலுறையையும் மீறி, யாரோ முகத்தை மிக அருகில் கொண்டுவந்து மெல்ல ஊதுவதுபோல ஒரு சூடு, விட்டுவிட்டு, ஒரே சீராக. அடுப்பின் அனல் எங்கோ பட்டுத் திரும்புகிறது என்று நினைத்து முக்காலியை அரையடி தள்ளிப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தச் சூடு அரையடி தள்ளி வந்து அதே கணுக்காலைக் கண்டுபிடித்தது.

கூடக் காவலுக்கு இருந்த மற்ற இரண்டு பெண்களிடமும் கேட்கலாமா என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அந்த அறையில் அன்று எதையாவது முதலில் உணர்கிறவளாக இருப்பது நல்லதல்ல.

துளையைப் போட்டவன் ஊர்க் காவலன் எல்நாத்தான். விடிந்ததும் உளியும் சுத்தியலுமாக வந்து, கதவின் அடிப்பலகையில் ஒரு கைமுட்டி நுழையும் அளவுக்குக் குடைந்துவிட்டுப் போயிருந்தான். சூனியக்காரி என்று சந்தேகம் விழுந்தவளை நடு அறையில் முக்காலியில் கட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் சோறும் தூக்கமும் இல்லாமல் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். அவள் வளர்க்கும் பிசாசுக்குட்டிக்கு அவ்வளவு நேரம் பசி தாங்காது. அவள் உடம்பில் எங்கோ ஒளித்து வைத்திருக்கும் காம்பைத் தேடிப் பால் குடிக்க வரும். வர வழி வேண்டும். அதற்குத்தான் துளை.

பிசாசால் சுவரைத் தாண்டி வர முடியாதா, அதற்கு எதற்குக் கதவில் ஓட்டை என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் உள்ள ஒரே பெண் முக்காலியில் கட்டுண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எல்நாத்தான் லட்சணத்தைப் பாருங்க" என்றாள் யாகேல் ஹார்வுட். "என் புருஷன் தேடிப் பிடிச்சு வெட்டிக் கொண்டாந்த ஓக் பலகை. அதுல எலிக்கு வாசல் வெச்சுக் குடுத்துட்டுப் போயிருக்கான்."

"வாயை மூடுக்கா" என்றாள் பிரிசில்லாள். அவள் எல்நாத்தானின் மனைவி. கனத்த உடம்பு, கையில் துடைப்பம். "இந்த வாயாலதான் உனக்கு இந்தக் கதி."

அது உண்மைதான்.

யாகேலுக்கு அறுபது தாண்டிவிட்டது. பாஸ்டனுக்கு வடக்கே இருந்த அந்தக் கடலோர ஊரில் முப்பது வருஷமாகப் பிரசவம் பார்த்தவள். போன வசந்தத்தில் புருஷன் செத்தான். மகன் இல்லை, கூடப்பிறந்தவனும் இல்லை. உவர்ச் சதுப்பை ஒட்டிய புல்வெளி முழுவதும் அவள் பெயருக்கு வந்தது. புருஷனின் அண்ணன் மகன் நாகூம் அதைக் கேட்டான். நான் இருக்கும்வரை அது என் மாட்டுக்கு என்றாள். அதோடு நின்றிருந்தால் வெறும் பிடிவாதக்காரி என்ற பெயரோடு போயிருக்கும். கோடையில் ஓர் ஓய்வுநாளன்று, பெண் பலவீனமான பாத்திரம், ஏவாள் திறந்த கதவு வழியாகத்தான் பிசாசு இன்றுவரை உள்ளே வருகிறான் என்று போதகர் விட்கம் மூன்றாவது மணி நேரமாகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது, பெண்கள் பக்கத்துப் பெஞ்சிலிருந்து யாகேல் எழுந்து நின்று சொன்னாள்: "ஆதாம் வாயில யாரும் திணிக்கலியே ஐயா. அவரே கடிச்சுத் தின்னாரு."

சபையில் பெண் பேசக் கூடாது. சந்தேகம் என்றால் வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் கேட்க வேண்டும். யாகேலுக்குக் கேட்கப் புருஷனும் இல்லை. அக்டோபரில் நாகூமின் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. அதற்கு மேல் யாரும் கஷ்டப்பட்டு எதையும் ஜோடிக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது அவள் தன் சமையலறையில், தன் முக்காலியில், கால்கள் குறுக்கே மடக்கிக் கட்டப்பட்டு, வெறும் உள்ளங்கியோடு இருந்தாள். தலைக்குல்லாயைக் கழற்றியிருந்தார்கள். நரைத்த முடி தோளில் கிடந்தது. முப்பது வருஷமாக எல்லாப் பெண்களையும் மிக மோசமான நிலையில் பார்த்தவளின் தலைமுடியை அந்தப் பெண்கள் பார்ப்பது இதுதான் முதல் முறை.

கெத்தூராள் அவள் முடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைப் பார்க்கவில்லை.

காரணம் கெத்தூராளின் இடது மார்புக்குக் கீழே நாலு விரல்கடை தள்ளி இருந்தது. பார்லிமணி அளவில் பழுப்பாக ஒரு காம்பு. சின்ன வயதில் மச்சம் என்று நினைத்திருந்தாள். பதினோரு வருஷத்துக்கு முன் முதல் பிள்ளை பிறந்து பால் சுரந்தபோது அதுவும் நனைந்தது. ஊசிமுனை அளவு வெள்ளை. அலறப் போனவளின் வாயைப் பொத்தியது யாகேலின் கை.

"இது சில பொம்பளைங்களுக்கு இருக்குறதுதான்டி. நான் மூணு பேரைப் பாத்திருக்கேன். ஒண்ணுமில்ல. ஆனா யாருக்கும் காட்டாத. ஆம்பளைங்களுக்குப் புரியாது. பொம்பளைங்களுக்கு வேற மாதிரிப் புரியும்."

புருஷன் செபுலோனுக்குக்கூடத் தெரியாது. பீப்பாய் செய்கிற அவன், விளக்கை அணைத்த பிறகுதான் மனைவியைத் தொடுகிறவன். உலகத்தில் அதைப் பற்றித் தெரிந்தது இரண்டே பேருக்கு. அதில் ஒருத்திக்கு வாய் நிற்காது.

விடியும்வரை எதுவும் வராவிட்டால் காலையில் போதகர் முன்னால் விசாரணை. உன்னைப்போல் இன்னும் யார் யார் என்று கேட்பார்கள். பெயர் சொல்கிறவள்மீது கொஞ்சம் இரக்கம் காட்டுவார்கள். பெயர் சொல்லப்பட்டவளை ஆறு பெண்கள் ஓர் அறைக்குக் கூட்டிப்போய்த் துணியைக் களைந்து ஊசியால் குத்திப் பார்ப்பார்கள். கெத்தூராளுக்கு அது தெரியும். அந்த ஆறு பேரில் ஒருத்தியாக அவளும் ஒருமுறை பக்கத்து ஊருக்குப் போயிருக்கிறாள். ஊசியைப் பிடித்திருக்கிறாள்.

ஆனால் இன்றே ஏதாவது வந்துவிட்டால், மூன்று பெண்களும் பார்த்ததாகச் சத்தியம் செய்துவிட்டால், விசாரணையே வேண்டாம். வாசலில் பனிவண்டி தயாராக நின்றது. நேரே பாஸ்டன் சிறை. அங்கே யாகேல் யார் பெயரைச் சொன்னாலும் இந்த ஊர்க் காதில் விழாது.

அதனால் அன்று காலை படுக்கையில் கிடந்தபடியே கெத்தூராள் ஒரு ஜெபம் செய்திருந்தாள். ஏதாவது வரட்டும். செய்து முடித்த பிறகுதான் உறைத்தது, அப்படி ஒரு ஜெபத்தை எந்தப் பக்கத்திலிருந்து யார் கேட்பார்கள் என்று.

காலையில் வந்தது ஒரு சிலந்தி.

மூன்றாவது காவல்காரி தொற்காள்தான் அதைப் பார்த்தாள். பத்தொன்பது வயது, ஏழு மாத வயிறு. "அக்கா, அதோ, அதோ!" என்று தன் முக்காலியின் மேல் ஏறப் போனாள். பிரிசில்லாள் துடைப்பத்தால் ஒரே அடி. மாவுப் பீப்பாய்மேல் இருந்த மண்சட்டி விழுந்து உடைந்தது. சிலந்தியும் கூழானது.

"செத்துருச்சு" என்றாள் பிரிசில்லாள், மூச்சு வாங்கக் குனிந்து பார்த்து. "அப்போ வெறும் சிலந்திதான். பிசாசா இருந்தா அடி படாது."

"ரெண்டு வருஷமா அந்த மூலைலதான் இருந்தா" என்றாள் யாகேல். "வாடகையும் கேக்கல, நெலமும் கேக்கல. நாகூமைவிட நல்ல சொந்தம்."

தொற்காள் சிரித்துவிட்டாள். சிரித்த வாயை உடனே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு பிரிசில்லாளைப் பார்த்தாள்.

"சிரிக்காதடி. வயித்துல இருக்குறதுக்கு ஆகாது."

"வயித்துல இருக்குறதுக்கு நின்னுகிட்டே இருக்குறதுதான் ஆகாது" என்றாள் யாகேல். "கால் எப்படி வீங்கியிருக்கு பாரு. உப்புக் கண்டத்தைக் கொறை. இடது பக்கமாப் படு."

"அவகூடப் பேசாத."

தொற்காள் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து யாரிடமும் இல்லாமல் கேட்டாள்: "எனக்கு யாரு பிரசவம் பாப்பாங்க?"

"கர்த்தர் பாத்துக்குவார்."

"கையைச் சூடு பண்ணிக்கிட்டு வரச் சொல்லு" என்றாள் யாகேல்.

பிரிசில்லாள் காதைப் பொத்திக்கொண்டு சங்கீதம் முணுமுணுத்தாள். கெத்தூராள் காலை முக்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். சூடு இப்போது காலுறையின் மேல்விளிம்பு வரை வந்திருந்தது.

மதியத்துக்குப் பிறகு பனி மறுபடி விழத் தொடங்கியது. ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை. எண்ணெய் ஊறிய காகிதம். அதன் வழியாக வந்த வெளிச்சம் மஞ்சளாய், கொழுப்பு படிந்த நீரைப்போல, தரையிலும் பாத்திரங்களிலும் யாகேலின் வெறும் பாதங்களிலும் தேங்கி நின்றது. அடுப்பில் ஈர விறகு சீறியது. உத்தரத்தில் தொங்கிய காய்ந்த மூலிகைக் கட்டுகள் காற்றில்லாமலே மெல்லத் திரும்பின. தூரத்தில் சதுப்பின் ஓரத்தில் கடல் பனிக்கட்டியை அரைத்துக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் அடியில், முதலில் தன் காதுக்குள் இருப்பதாகக் கெத்தூராள் நினைத்த ஒரு சத்தம்: கதவின் மறுபுறம் மென்மையான எதுவோ பலகையில் உரசுகிறது. நிற்கிறது. உரசுகிறது.

அதோடு ஒரு வாசனை. பால். கறந்த பாலும் இல்லை, புளித்த பாலும் இல்லை. பிள்ளையின் கழுத்து மடிப்பில் வழிந்து காய்ந்த பால்.

அவள் பெற்ற நாலு பிள்ளைகளின் கழுத்திலும் அந்த வாசனை இருந்தது. நாலும் சபைக் கூடத்துக்குப் பின்னால் மண்ணுக்குள் கிடந்தன. ஒன்றுக்கும் ஒரு மாதம் நிறையவில்லை. கடைசிப் பிள்ளையை வைத்துவிட்டு வந்த அன்று பால் மட்டும் நிற்கவில்லை. யாகேல் முட்டைக்கோஸ் இலையை வைத்துக் கட்டிவிட்டுப் போனாள். கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்று செபுலோன் சொன்னான், ஒரு பீப்பாய் வளையம் தெறித்துப்போனதைச் சொல்வதுபோல. போய்த் தூங்கினான். அன்றிரவு நனைந்த துணியோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த கெத்தூராள் மனதுக்குள் ஒன்று நினைத்தாள். யாருக்காவது கொடுத்தால் போதும். யாராக இருந்தாலும் சரி.

அவ்வளவுதான். வாயால்கூடச் சொல்லவில்லை. பிசாசு நீட்டும் எந்தப் புத்தகத்திலும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் திருப்தியில்லாத பெண்ணின் மனசு தாழ்ப்பாள் போடாத வீடு, பிசாசு அங்கேதான் முதலில் தட்டிப் பார்க்கிறான் என்று விட்கம் வாராவாரம் சொல்வார். அது தட்டுமா? தட்டினால் கேட்குமா? தாழ்ப்பாள்தான் இல்லையே, எதற்குத் தட்ட வேண்டும்?

சபையில் சேரும்போது ஒவ்வொருவரும் தம் பாவத்தை அறிக்கையிட வேண்டும். செபுலோன் எழுந்து நின்று தன் வாயால் சொன்னான்: இரண்டு முறை குடித்தேன், ஒரு முறை ஓய்வுநாளில் வலை போட்டேன். முடிந்தது. கெத்தூராள் பெண் என்பதால் அவள் எழுதித் தந்ததைப் போதகர் வாசித்தார். அதில் ஒரு செய்கைகூட இல்லை. நான் முழுவதும் அழுகியவள், என்னுள் நல்லது ஒன்றுமில்லை, பிசாசு தங்க ஏற்ற வீடு நான் என்று இருந்தது. எல்லாப் பெண்களும் அப்படித்தான் எழுதினார்கள். சபைக்கு அது பிடித்திருந்தது. விட்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆண்களுக்குப் பாவம் செய்கையில் இருந்தது. பெண்களுக்கு உடம்பில் இருந்தது. எழுதிக் கொடுத்ததை அவர்கள் நம்பினார்கள். நாளாக நாளாக அவளும் நம்பினாள்.

உரசல் நின்றது.

யாகேல் பேச்சும் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று கெத்தூராளுக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து ஓயாத வாய். பசியையும் கட்டையும் கேலி செய்த வாய். கெத்தூராள் அன்று முதல் முறையாக அவள் கண்ணைப் பார்த்தாள்.

யாகேல் கதவைப் பார்க்கவில்லை. கெத்தூராளின் பாவாடை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரசவத்தில் பிள்ளையின் தலை முதலில் வராமல் கால் முதலில் வருகிறது என்று தெரிந்த நொடியில் அவள் முகம் எப்படி இருக்கும் என்று கெத்தூராளுக்குத் தெரியும். அந்த முகம்.

"என்னக்கா?" என்றாள் பிரிசில்லாள். "ஏன் திடீர்னு ஊமையாயிட்ட?"

"ஒண்ணுமில்ல" என்றாள் யாகேல். "காலு வலிக்குது."

நாலு மணிக்கு இருட்டத் தொடங்கியது. விளக்கை ஏற்றலாமா என்று தொற்காள் கேட்டாள். வெளிச்சம் இருந்தால் அது வராது, கொஞ்சம் பொறு என்றாள் பிரிசில்லாள். மூவரும் முக்காலிகளை யாகேலைச் சுற்றி இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டார்கள். அடுப்பில் கங்கு மட்டும். கெத்தூராளின் முதுகு கதவுப் பக்கம் இருந்தது. இடம் மாற்றிக்கொள்ள ஒரு காரணமும் சொல்ல முடியவில்லை.

பாவாடையின் பின்விளிம்பு இழுபட்டது.

லேசாக. முள்ளில் சிக்கியதுபோல.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் மற்றவர்களும் திரும்புவார்கள்.

மறுபடி இழுபட்டது. பிறகு கனம். கம்பளித் துணியைப் பிடித்து எதுவோ ஏறியது. கொஞ்சம் ஏறும். நிற்கும். மூச்சு வாங்கும். பழக்கமில்லாத ஏற்றம். பூனை என்று நினைக்கப் பார்த்தாள். பூனைக்கு நகம் இருக்கும். இதற்கு நகம் இல்லை.

விரல்கள்.

எண்ணாதே என்று சொல்லிக்கொண்டாள். எண்ணினாள். இடுப்பில் ஐந்து. சற்று மேலே ஐந்து.

எலும்பில்லாததுபோல மென்மை. ஈரம். அந்த வெதுவெதுப்பு. சால்வைக்குள் புகுந்தது. விலாவைச் சுற்றி முன்னால் வந்தது. எடை என்னவென்று அவள் கைக்குத் தெரிந்தது, அவளுக்கு முன்னால். பிறந்து ஐந்து நாள். ஆறு நாளும் இல்லை.

கச்சின் முடிச்சு அவிழ்ந்தது. அவள் அவிழ்க்கவில்லை.

எதிரே யாகேல். கங்கின் செம்மை அவள் முகத்தில். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டும். உதடு அசைந்தது. சத்தமில்லை. அசையாதே.

பல் இல்லாத ஈறு. இடது மார்பைத் தாண்டிப் போனது. கீழே. நாலு விரல்கடை கீழே. தேடவில்லை. அதற்கு இடம் தெரியும்.

கெத்தூராளின் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. அடக்க முடியவில்லை. பிரிசில்லாளின் தலை அவள் பக்கம் திரும்பத் தொடங்கியது.

அப்போது யாகேல் கத்தினாள்.

"ஐயோ! பிரிசில்லா! என் காலு! கட்டை அவுத்து விடுடி, பாவி! இங்க பாரு! என்னைப் பாருங்கடி!"

இருமினாள். முக்காலியோடு சேர்ந்து குலுங்கினாள். இரண்டு பெண்களும் அவள் பக்கம் திரும்பினார்கள். பிரசவ அறைக்குள் ஆண் எட்டிப் பார்த்தால் தன் உடம்பால் மறைத்து நிற்பாளே, அதேபோலத் தன்னை முன்னால் போட்டு அவள் கெத்தூராளை மறைத்தாள். அதைக் கெத்தூராள் புரிந்துகொண்டாள். முழுவதும் புரிந்துகொண்டாள். அது புரிந்திருக்கும்போதே அவள் வலது கை மேலே எழுந்து யாகேலைக் காட்டியது.

"அதோ! அவ மடியில! குடிக்குது! பாருங்க!"

இரண்டு பெண்களும் யாகேலின் மடியைப் பார்த்தார்கள்.

பிறகு பிரிசில்லாள் அலறினாள். "கறுப்பு! நான் பாத்தேன்! பூனைக்குட்டி மாதிரி, கறுப்பு!" தொற்காள் சுவரோடு ஒட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மஞ்சளா இருந்துச்சுக்கா, எறக்கை இருந்துச்சு, என்னைப் பாத்துச்சு" என்று விக்கி விக்கி அழுதாள்.

யாகேலின் மடியில் ஒன்றுமில்லை. வெள்ளைத் துணி மட்டும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர்கள் கத்தினார்கள்.

கதவு திறந்தது. விளக்குகள், பனி, ஆண்களின் ஈரக் காலணிகள். எல்நாத்தான், நாகூம், போதகர் விட்கம், பின்னால் இன்னும் நாலைந்து பேர். விட்கம் ஒவ்வொருவரையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஒருத்தி கறுப்பு என்கிறாள், ஒருத்தி மஞ்சள் என்கிறாளே என்று எல்நாத்தான் தலையைச் சொறிந்தான். பிசாசுக்கு ஒரே நிறமா, நொடிக்கொரு வேஷம் போடுவான் என்றார் விட்கம். எழுதி முடித்தார்.

கட்டை அவிழ்த்து யாகேலைத் தூக்கி நிறுத்தினார்கள். கால் நிற்கவில்லை. இரண்டு பேர் இழுத்துக்கொண்டு போனார்கள். கெத்தூராளின் முக்காலியைக் கடக்கும்போது அவள் தலை திரும்பியது. இப்போது சொல்லலாம். சால்வையை விலக்கிப் பாருங்கள் என்ற ஒரு வார்த்தை போதும். முப்பது வருஷமாக எதையும் சொல்லாமல் விட்டதில்லை அந்த வாய்.

யாகேல் கெத்தூராளின் சால்வையைப் பார்த்தாள். அதன் வீக்கத்தைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிழைக்காது என்று தெரிந்த பிள்ளையைத் தாயிடம் கொடுக்கும்போது பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

பனிவண்டி கிளம்பியது. மணிச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

பிழைத்துவிட்டேன் என்று நினைத்தாள் கெத்தூராள். சால்வைக்குள் அது வாயை எடுக்கவில்லை.

"முழங்காலிடுவோம்" என்றார் விட்கம்.

எல்லோரும் முழங்காலிட்டார்கள். கெத்தூராளால் முடியாது. குனிந்தால் சால்வை விலகும்.

"கால் மரத்துப் போச்சு ஐயா."

"பரவால்ல சகோதரி, உக்காந்திருங்க. இன்னைக்கு இந்தச் சபைக்கே கண்ணா இருந்தீங்க."

பிரிசில்லாள் பாசத்தோடு அவள் முழங்காலைத் தட்டிக்கொடுத்துவிட்டு அங்கேயே, அவள் காலடியில், தலை குனிந்தாள். தொற்காள் மறுபக்கம்.

விட்கமின் ஜெபம் நீளமானது. குரல் ஏறியது, இறங்கியது. அந்தக் குரலுக்கு அடியில் எதுவும் கேட்காது. கெத்தூராள் இரண்டு கையாலும் சால்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆமென் வர வேண்டாம் என்று வேண்டினாள். நிறுத்தாதீர்கள் ஐயா. விடிய விடியப் பேசுங்கள்.

"இப்போ" என்றார் விட்கம், "அவங்கவங்க இருதயத்தை அவங்கவங்க சோதிச்சுப் பாப்போம். அமைதியா."

குரல் நின்றது.

அடுப்பின் சத்தம் நின்றது. காற்று நின்றது. எட்டொன்பது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு தங்களுக்குள் இருந்த இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மடக். மடக். மடக்.

இடையில் சின்ன மூச்சு. மறுபடி மூன்று. எந்தத் தாய்க்கும் தெரிந்த சத்தம்.

ஆண்களில் ஒருவன் இருமினால் போதும். யாரும் இருமவில்லை. அவளே சத்தமாக ஜெபிக்கலாம், பாடலாம், அழலாம். போதகர் முன்னிலையில், ஆண்கள் நடுவில், ஜெபத்தின் நடுவில் வாய் திறக்கிற பெண். வாயைத் திறந்தாள். மூடினாள்.

மடக். மடக். மடக்.

தொற்காளின் கை தன் வயிற்றுக்குப் போனது. உள்ளே இருப்பது புரண்டதுபோல. அவள் தலை மெல்ல உயர்ந்தது. இந்தப் பக்கம் பிரிசில்லாளின் இமைகள் துடித்தன. ஆறு பெற்றவள். எங்கிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரிந்துவிட்டது. கண் திறக்கத்தான் பாக்கி.

கெத்தூராள் சால்வையோடு சேர்த்து அந்தத் தலையைத் தன் உடம்போடு அழுத்தினாள். மூச்சு முட்டும் அளவுக்கு. சத்தம் அடங்கட்டும் என்றுதான்.

அது அதை அணைப்பு என்று எடுத்துக்கொண்டது. ஐந்து விரல்களால் அவள் சுண்டுவிரலைப் பற்றிக்கொண்டு, இன்னும் சத்தமாகக் குடித்தது.